தகடு போன சிலிண்டரை அளந்து அடையாளம் காண்பது

கேள்வி இதுதான்: ஹட்டன் பக்கம் தோட்டத்து வீதி வேலைக்கு ஓடும் பழைய பெக்கோ (பின்னால் தோண்டும் கை உள்ள மண் இயந்திரம்) ஒன்றின் பின்கைச் சிலிண்டரில் ஒயில் ஒழுகுகிறது. ரொட்டில் (சிலிண்டருக்குள் போய்வரும் தண்டில்) கீறல் இருக்கிறது. பெயர்த்தகடு எப்போதோ போய்விட்டது. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குத் தொலைபேசியில் கேட்டால் மாடலைக் கேட்கிறார்கள். மாடலைச் சொன்னால் மூன்று விதமான சீல் கிட்டை (ஒழுக்கைத் தடுக்கும் வளையங்களின் தொகுதி) காட்டுகிறார்கள். எதை வாங்குவது?

மாடலை நம்பி எதையும் வாங்க வேண்டாம். ஒரே பெயரில் பத்துப் பதினைந்து வருடம் வந்த இயந்திரத்தில் சிலிண்டர் இடையில் மாறியிருக்கும். அதற்கு மேல், நம் மலையகத்தில் ஓடும் பெக்கோக்களில் பல இரண்டு மூன்று கை மாறி வந்தவை. முன்பு வைத்திருந்தவர் வேறு இயந்திரத்துச் சிலிண்டரைப் பூட்டியிருக்கலாம், லேத்தில் ரொட்டை மாற்றியிருக்கலாம், கண்ணை (பின் எனும் இரும்பு முளை நுழையும் துளை உள்ள முனையை) வெட்டி ஒட்டியிருக்கலாம். இரும்பை அளந்து வரும் எண்தான் உண்மை. இங்கிருந்து கொழும்புக்குப் போய் வர ஒரு முழு நாள் போகும் இடத்தில், தவறான கிட் என்றால் இயந்திரம் இன்னும் இரண்டு நாள் சும்மா நிற்கும்.

அளப்பதற்கு முன், இரும்பிலேயே எண் பொறித்திருக்கிறதா என்று தேடுங்கள். தகடு போனாலும் குழாயின் அடிப்பக்கத்தில், போர்ட் (ஹோஸ் பூட்டும் வாய்) பக்கத்தில், அல்லது கிளாண்டின் (ரொட் வெளிவரும் முனையில் உள்ள மூடியின்) முகப்பில் எண் அடித்திருப்பார்கள். டீசலும் கம்பி பிரஷும் கொண்டு பெயின்ட் வரை சுத்தம் செய்து, சோக்கட்டியைத் தேய்த்து, டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எண்ணும் தெரியும். ஜேசிபி பாக எண் என்றால் மூன்று இலக்கம், சாய்கோடு, ஐந்து இலக்கம் என்ற அமைப்பில் இருக்கும் (சிலவற்றில் சாய்கோட்டுக்குப் பின் முதல் இடத்தில் எழுத்து வரும்). கொமட்சு சிலிண்டர் எண்கள் 707 என்று தொடங்கும். அதன் சீல் கிட் 707-99 என்று போகும். ஒரு எச்சரிக்கை: கண்ணிலோ அடிமூடியிலோ வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் எண் வார்ப்பு எண். ஒரே வார்ப்பை ஐந்தாறு வித சிலிண்டருக்குப் போடுவார்கள். அந்த எண்ணைச் சொல்லி ஓடர் கொடுத்தால் வேறு ஏதோ ஒன்று வரும். உளியால் குத்தியது போல் உள்ளே பதிந்திருக்கும் எண்ணைத்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

இடத்தின் பெயரையும் கவனமாகச் சொல்லுங்கள். பெக்கோவின் பின்கைக்கு உற்பத்தியாளரின் புத்தகத்தில் டிப்பர் என்று பெயர். நம் நாட்டில் டிப்பர் என்றால் மண் ஏற்றும் லொறி. தொலைபேசியில் "டிப்பர் சிலிண்டர்" என்றால் கடைக்காரர் லொறித் தொட்டி தூக்கும் சிலிண்டரை நினைத்துக்கொள்வார். "பெக்கோவின் பூமுக்கு அடுத்த கை" என்று சொல்லிவிட்டால் குழப்பம் இல்லை (பூம் என்பது இயந்திரத்தோடு பூட்டிய முதல் கை).

அடுத்தது, கோளாறு உண்மையில் சிலிண்டரில்தானா என்று பார்ப்பது. ரொட் பக்கம் வெளியே ஒயில் ஒழுகினால் சந்தேகமே இல்லை, கிளாண்ட் சீல் போய்விட்டது. ஆனால் "கை தானாகக் கீழே இறங்குகிறது, பிஸ்டன் சீல் போயிருக்கும்" என்பது பல இடங்களில் தவறான முடிவு. இரண்டு போர்ட்டும் வால்வில் இறுக மூடியிருந்தால், பிஸ்டன் சீல் முழுக்கக் கிழிந்திருந்தாலும் ரொட்டை உள்ளே தள்ளும் சுமை கொஞ்சம் இறங்கி நின்றுவிடும். ரொட் உள்ளே வர வேண்டுமானால் அதன் கனஅளவுக்கு ஒயில் எங்காவது வெளியேற வேண்டும். போக வழி இல்லை. ஆகவே உள்ளே இறங்கிக்கொண்டே போகும் கை, பெரும்பாலும் கட்டுப்பாட்டு வால்வின் ஸ்பூல் (ஒயிலைத் திருப்பிவிடும் உள்தண்டு) தேய்வையோ, அந்தப் பகுதியின் ரிலீஃப் வால்வு (மிகை அழுத்தத்தை வெளியே விடும் வால்வு) சரியாக மூடாததையோ காட்டுகிறது. சுமை ரொட்டை வெளியே இழுக்கும் இடத்தில் பிஸ்டன் சீல் குற்றவாளியாக இருக்க வாய்ப்பு அதிகம். சரிவில் நிற்கும்போது பக்கக் கால் இறங்கினால் கூடுதல் கவனம் வேண்டும்: பல பெக்கோக்களில் அந்தக் காலின் சிலிண்டருடன் ஒரு செக் வால்வு (ஒயிலைத் திரும்பிப் போகவிடாமல் தடுப்பது) இருக்கிறது. முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். அதற்குள் ஒரு மணல் துணுக்கு சிக்கியிருந்தாலே கால் இறங்கும்.

பிஸ்டன் சீலைச் சோதிக்கும் வழி எளிது. பக்கெட்டைத் தரையில் வைத்து ரொட்டை முழுக்க வெளியே தள்ளுங்கள். எஞ்சினை நிறுத்தி, லீவர்களை இரண்டு பக்கமும் பல முறை அசைத்து அழுத்தத்தை இறக்குங்கள். ரொட் பக்க ஹோஸைக் கழற்றி, ஹோஸின் வாயை இரும்பு மூடியால் இறுக மூடுங்கள். சிலிண்டரின் போர்ட் திறந்தே இருக்கட்டும், கீழே ஒரு வாளி. பிறகு எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் விட்டு, ரொட்டை வெளியே தள்ளும் பக்கம் லீவரைப் பிடியுங்கள். மிச்சம் கிடந்த ஒயில் கொஞ்சம் சொட்டி நின்றால் சீல் நல்லது. நில்லாமல் ஓடினால் சீல் போய்விட்டது. இதில் ஒரு தவறு ஆபத்தானது: ஹோஸுக்குப் பதிலாகச் சிலிண்டரின் ரொட் பக்கப் போர்ட்டை மூடிவிட்டு மறுபக்கம் அழுத்தம் கொடுப்பது. 80 மி.மீ. உள்விட்டமும் 50 மி.மீ. ரொட்டும் உள்ள சிலிண்டரில் பிஸ்டனின் முழுப் பரப்பு 5027 சதுர மி.மீ., ரொட் பக்கப் பரப்பு 3063 சதுர மி.மீ. ஆகவே இந்தப் பக்கம் 200 பார் கொடுத்தால் மூடிய பக்கம் சுமார் 328 பார் வரை ஏறும். குழாயோ மூடியோ வெடிக்கலாம்.

கழற்றுவதற்கு முன் கை முழுவதும் தரையில் படிந்திருக்க வேண்டும். ஜாக்கிலோ கல்லிலோ தாங்க வைத்த பூமுக்குக் கீழே எவரும் தலையை நீட்டக்கூடாது. ஊசித்துளைக் கசிவை விரலால் தடவித் தேடாதீர்கள். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். அழுத்தத்தில் பாயும் ஒயில் தோலுக்குள் புகுந்தால் வெளியே சின்னப் புள்ளி மட்டும் தெரியும், வலி கூட உடனே இருக்காது. ஆனால் அன்றே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலை இழக்க நேரும். நாட்டு மருந்து போட்டுக் காத்திருக்கும் காயம் அல்ல அது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் "ஒயில் உள்ளே பாய்ந்தது" என்ற சொல்லையே சொல்ல வேண்டும்.

இனி அளவுகள். கடைக்காரருக்குத் தேவையானவை: உள்விட்டம், ரொட்டின் விட்டம், ஸ்ட்ரோக் (ரொட் முழுக்க உள்ளேயிருந்து முழுக்க வெளியே நகரும் தூரம்), மூடிய நீளம், பின்னின் விட்டமும் கண்ணின் அகலமும், போர்ட்டின் புரியும் இடமும்.

ரொட்டில் தொடங்குங்கள், அதுதான் கையில் கிடைப்பது. தேயாத, கீறாத இடத்தில் வேர்னியரை வைத்து, 90 பாகை திருப்பி மறுபடி அளவுங்கள். 50 மி.மீ. ரொட் புதிதிலேயே சரியாக 50 இருக்காது; 49.95க்கும் 49.975க்கும் இடையில் அரைத்திருப்பார்கள். ஆகவே 49.96 வந்தால் அது 50. ஆனால் 50.7 அல்லது 50.8 வந்தால் "தேய்ந்த 51" என்று நினைக்கக்கூடாது, அது 2 அங்குல ரொட். 50க்கும் 50.8க்கும் இடையிலான அந்த 0.8 மி.மீ. சீலை ஒரு வாரத்தில் கொன்றுவிடும். அளவு வழக்கமான எண்களுக்கு நடுவே தொங்கினால், ஒன்று நீங்கள் தவறாக அளந்திருக்கிறீர்கள், இல்லையென்றால் அது அங்குலக் கணக்கு, அல்லது யாரோ லேத்தில் கை வைத்திருக்கிறார்கள். இந்த மூன்றில் எது என்று தெரியும்வரை ஓடர் கொடுக்காதீர்கள்.

உள்விட்டத்தைக் கழற்றாமல் கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. முதல் வழி, குழாயைச் சுற்றி நாடாவை இழுத்துச் சுற்றளவை எடுத்து 3.14ஆல் வகுப்பது. 298 மி.மீ. வந்தால் வெளிவிட்டம் 95. சுவர் ஒரு பக்கம் 7.5 என்று கழித்தால் உள்விட்டம் 80. இது ஊகம்தான், ஏனென்றால் சுவரின் தடிப்பு மாறலாம். இரண்டாவது வழி நம்பகமானது, ஏனோ பலர் செய்வதில்லை. சிலிண்டரை இறக்கியபின் அடிப்பக்கம் ஒயில் நிரம்பிய நிலையில், ரொட்டைச் சரியாக 100 மி.மீ. உள்ளே தள்ளி, அடிப் போர்ட்டில் வரும் ஒயிலை அளவுக் குவளையில் பிடியுங்கள். 456 மி.லீ. வந்தால் 3 அங்குலம், 503 வந்தால் 80 மி.மீ., 636 வந்தால் 90 மி.மீ., 785 வந்தால் 100 மி.மீ. பிஸ்டன் சீல் மிக மோசமாக இருந்தால் கணக்குப் பிழைக்கும். அப்போது பிரித்து உள்ளே அளப்பதைத் தவிர வழியில்லை. குழாயின் வாயில் அளக்காமல், சீல் ஓடாத இடத்தில் அளக்க வேண்டும். ஐரோப்பியச் சிலிண்டர்களில் 63, 80, 100, 125 என்ற அளவுகள் வழக்கம். ஜப்பானிய எக்ஸ்கவேட்டர்களில் 85, 95, 105, 115 போன்ற ஐந்தில் முடியும் அளவுகளும் வரும். அவற்றைப் பிழை என்று ஒதுக்க வேண்டாம்.

80க்குப் பதில் கொஞ்சம் பெரிதாக 90 போட்டால் பலம் கூடும்தானே என்று கேட்பவர்கள் உண்டு. கூடும்: 200 பாரில் 80 மி.மீ. சுமார் 10 தொன் தள்ளும், 90 மி.மீ. சுமார் 13 தொன். ஆனால் அந்த மேலதிக 3 தொன்னை வாங்குவது பின்கையின் தகடும் பின்னும் வெல்டிங்கும். அவை அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வேகமும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். ரொட்டைத் தடிப்பாக்கினால் உள்ளே இழுக்கும் வேகம் கூடி, இழுக்கும் பலம் குறையும். அடிப்பக்கத்திலிருந்து திரும்பும் ஒயில் அதிகமாகி வால்வு சூடேறும். இருந்த அளவையே போடுவது நல்லது.

ஸ்ட்ரோக்கை வெளியே தெரியும் பளபளப்பான ரொட்டின் நீளத்தை அளந்து சொல்வதுதான் அதிகம் நடக்கும் பிழை. முழுக்க மூடிய நிலையில் ஒரு கண்ணின் துளை நடுவிலிருந்து மறு கண்ணின் துளை நடுவரை அளந்து, முழுக்க நீட்டி அதையே மறுபடி அளந்து, ஒன்றை மற்றதிலிருந்து கழியுங்கள். துளையின் நடுவைக் கண்ணால் பிடிக்க முடியாது. ஒரு துளையின் இடது விளிம்பிலிருந்து மற்றத் துளையின் இடது விளிம்புவரை அளந்தால், துளைகள் ஒரே விட்டம் என்றால் அதே எண்தான். ஸ்ட்ரோக் சரியாக இருந்து மூடிய நீளம் 20 மி.மீ. கூடினாலும் கை முழுக்க மடியாது, வீதியில் ஓட்டும்போது பூட்டும் கொக்கி பொருந்தாது. எதிர்ப்பக்கம், நீட்டிய நீளம் கூடினால் பிஸ்டன் தன் முடிவைத் தொடுவதற்கு முன்பே கையின் இரும்பு முட்டும். அந்த முட்டலில் கண் உடையும்.

பின்னைத் தேயாத தலைப்பகுதியில் அளவுங்கள், புஷ்ஷின் உட்துளையை அல்ல. பழைய புஷ் முட்டை வடிவமாகி 2 மி.மீ. கூடியிருக்கும். கண்ணின் அகலத்தோடு, இரண்டு கண்களும் ஒரே தளத்திலா அல்லது 90 பாகை திரும்பியா என்பதையும் எழுதுங்கள். கிரீஸ் நிப்பிள் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம், மறைவான பக்கம் வந்துவிட்டால் யாரும் கிரீஸ் அடிக்க மாட்டார்கள்.

போர்ட் புரியில்தான் அதிகம் பணம் வீணாகிறது. பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய்ப் புரி) அரை அங்குலம் என்பதை வெளிப்புரியில் அளந்தால் சுமார் 20.9 மி.மீ. வரும்; "அரை அங்குலம்" என்ற பெயர் குழாயின் பழைய கணக்கு. 3/8 என்றால் 16.6, முக்கால் என்றால் 26.4. எம்22×1.5 மெட்ரிக் புரியும் ஜேஐசியின் (கூம்பு முனையுள்ள அமெரிக்கப் பொருத்து வகையின்) 7/8 அங்குலப் புரியும் ஏறக்குறைய ஒரே விட்டம். கையால் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். அதை ஸ்பேனரால் தள்ளினால் சிலிண்டரின் புரியே நாசம். புரி அளவுகோல் இல்லாவிட்டால் ஒரு தாளைப் புரியின் மேல் அழுத்திப் பென்சிலால் தேய்த்து, பத்து இடைவெளியின் நீளத்தை அளவுங்கள்: 15 மி.மீ. என்றால் மெட்ரிக் 1.5, 18 மி.மீ. என்றால் அங்குலத்துக்கு 14 புரி. புரி பொருந்தினாலும் கூம்பின் கோணத்தைப் பாருங்கள். ஜேஐசிக்கு 37 பாகை, ஜப்பானிய வகைகளில் 30. கோணம் மாறினால் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும், மேலும் இறுக்கினால் நட் பிளக்கும். நான்கு போல்ட் பிளேஞ்ச் என்றால் போல்ட் துளைகளின் நடுவிடைவெளியைச் சொல்லுங்கள். 47.6×22.2 என்றால் முக்கால் அங்குலத்தின் சாதாரண வகை, 50.8×23.8 என்றால் அதே முக்கால் அங்குலத்தின் கூடிய அழுத்த வகை. ஒன்றுக்கொன்று மாறாது.

இவ்வளவும் எடுத்தபின் கடைக்கு அனுப்பும் செய்தி, உதாரணமாக, இப்படி இருக்கட்டும்: "பெக்கோ, பூமுக்கு அடுத்த கை. உள்விட்டம் 80, ரொட் 50, ஸ்ட்ரோக் 870, மூடிய நீளம் 1290. பின் 45, கண் அகலம் 60, இரண்டு கண்ணும் ஒரே தளம். இரண்டு போர்ட்டும் பிஎஸ்பி அரை அங்குலம், மேல்பக்கம். கிளாண்ட் புரி வகை." கூடவே கிளாண்ட், போர்ட், கண் மூன்றின் படம், ஒவ்வொன்றிலும் அளவுகோல் தெரியும்படி.

சீல் கிட் மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் பழைய சீலை அளக்காதீர்கள். அது ஒயிலில் ஊறி வீங்கியோ, அழுந்திச் சப்பையாகியோ இருக்கும். கிளாண்டிலும் பிஸ்டனிலும் உள்ள காடியின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து, உள்விட்டம் × வெளிவிட்டம் × உயரம் என்று எழுதுங்கள். பழைய சீல்களைத் தூக்கி எறியாமல், கழற்றிய வரிசையில், உதடு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று தெரியும்படி ஒரு கம்பியில் கோத்து வைத்துக்கொள்ளுங்கள். ரொட் சீலின் உதடு எப்போதும் ஒயில் பக்கம்.

பிரிக்கும்போது கிளாண்ட் எந்த வகை என்று பார்த்தபிறகே பலத்தைக் காட்ட வேண்டும். புரி வகைக்குக் கொக்கி ஸ்பேனர், போல்ட் வகை என்றால் எல்லாப் போல்ட்டையும் சமமாகத் தளர்த்துவது, உள்வளைய வகை என்றால் முதலில் கிளாண்டைக் கொஞ்சம் உள்ளே தட்டி வளையத்தை எடுப்பது. பிஸ்டனைப் பூட்டும் சின்ன ஸ்க்ரூ ஒன்று பல சிலிண்டர்களில் இருக்கும், தட்டி மறைத்திருப்பார்கள். அதை எடுக்காமல் நட்டைத் திருகினால் ரொட்டின் புரி போய்விடும். எந்த நிலையிலும் கொம்பிரசர் காற்றை அடித்து ரொட்டை வெளியே தள்ள வேண்டாம். சிக்கி நின்று திடீரென்று விடுபடும் ரொட் ஆளைக் கொல்லும்.

திருத்துவதா மாற்றுவதா என்பதற்கு என் கணக்கு இது. ரொட்டில் நகம் மாட்டும் கீறலோ, குரோம் உரிந்த திட்டோ சீல் ஓடும் இடத்தில் இருந்தால், சீல் கிட் மட்டும் போடுவது காசை எறிவது. குரோம் பூச்சே சுமார் 0.02 முதல் 0.03 மி.மீ. தடிப்புத்தான், எமரி போட்டுத் தேய்த்தால் பூச்சு போய் இரும்பு தெரியும், மலை ஈரத்தில் அடுத்த மழைக்குத் துருப்பிடிக்கும். கடினமாக்கி குரோம் பூசிய புது ரொட்டை வாங்கி, லேத்தில் புரி வெட்டி, கண்ணை ஒட்டுவது நல்ல வழி, வெல்டிங் செய்பவர் இரும்பை முன்சூடாக்கத் தெரிந்தவராக இருந்தால். வளைந்ததா என்று பார்க்க, ரொட்டை இரண்டு வி-கட்டையில் வைத்து டயல் கேஜுடன் உருட்டுங்கள். கேஜ் காட்டும் ஆட்டம் உண்மை வளைவைப்போல் இரண்டு மடங்கு. மீட்டருக்கு அரை மி.மீ.க்கு மேல் வளைந்திருந்தால் நான் மாற்றிவிடச் சொல்வேன். குழாயின் உள்ளே நீளவாட்டுக் கீறல் விழுந்திருந்தால் ஹோனிங் (உள்சுவரைத் தேய்த்து மட்டமாக்குவது) செய்யலாம், ஆனால் 80ஐ 80.5 ஆக்கிவிட்டு 80க்கான சீலைப் போட்டால் பிஸ்டனுக்கும் குழாய்க்கும் நடுவே அது பிதுங்கிக் கிழியும். அந்த அளவுக்குப் போனால் ஹோன் செய்த புதுக் குழாய்தான். சாதாரணத் தண்ணீர்க் குழாயை வெட்டி ஒட்டித் தரும் பட்டறைக்குப் போகாதீர்கள்.

புது சீல் ஒரு மாதத்தில் மறுபடி ஒழுகினால் சீலின் தரத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள். பின்னும் புஷ்ஷும் தேய்ந்து கண் ஆடினால் ரொட் பக்கவாட்டில் தள்ளப்படும். கிளாண்டின் வழிகாட்டி வளையம் ஒரு பக்கம் தேயும், சீல் அந்தப் பக்கமே கிழியும். நம் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு. நுவரெலியா, தலவாக்கலை உயரத்தில் பகலில் சூடேறிய ஒயில் தொட்டி இரவில் குளிர்ந்து, உள்ளே ஈரம் வியர்த்துத் தண்ணீராக ஒயிலில் இறங்கும். ஒயில் பால் நிறமாக இருந்தால் அதை மாற்றாமல் புது சீலைப் போடுவதில் பயன் இல்லை. மண்சரிவு அகற்றும் வேலையில் படிகக்கல் கலந்த சேறு ரொட்டில் ஒட்டிக் காயும். வேலை முடிந்ததும் தண்ணீரால் கழுவி, ரொட்டுகள் முடிந்தவரை உள்ளே இருக்கும் நிலையில் இயந்திரத்தை நிறுத்துங்கள். வெளியே நிற்க வேண்டிய ரொட்டுக்குக் கிரீஸ் பூசிவிடுங்கள். மாதக்கணக்கில் மழையில் நீட்டி நின்ற ரொட்டில்தான் அந்தச் சின்னச் சின்னக் குழிகள் விழுகின்றன.

பூட்டும்போது குழாயின் புரியும் போர்ட் துளையின் உள் விளிம்பும் புது சீலைக் கத்திபோல் வெட்டும். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் சுருட்டி உள்ளே வைத்து, சுத்தமான ஒயில் தடவி இறக்குங்கள். பிஸ்டனின் கடினமான டெஃப்லான் வளையத்தைக் கொதிக்கும் நீரில் சில நிமிடம் போட்டு இளக்கி ஏற்றி, பிறகு பட்டியால் இறுக்கிப் பழைய அளவுக்கு வர விடுங்கள். ஏற்றியவுடன் குழாய்க்குள் தள்ளினால் விளிம்பு சீவிப்போகும்.

சிலிண்டர் ஏறியபின் எஞ்சினை மெதுவான ஓட்டத்திலேயே விட்டு, சுமை இல்லாமல், ரொட்டைக் கடைசிவரை தட்டாமல் பத்துத் தடவை போய்வர வையுங்கள். உள்ளே காற்று இருக்கும்போது வேகமாக அழுத்தினால் காற்றும் ஒயில் ஆவியும் அழுத்தத்தில் பற்றிச் சீலைக் கருக்கிவிடும். பிறகு ஒயில் மட்டத்தைப் பார்த்து ஊற்றி, கிளாண்டின் இறுக்கத்தை மறுபடி சரிபாருங்கள். ஒரு மணி நேர வேலைக்குப் பிறகு ரொட்டைத் துடைத்துப் பாருங்கள். விரலில் ஒட்டும் மெல்லிய ஈரம் சரி. சொட்டாகத் திரண்டால் அதே நாளில் திரும்பக் கழற்றுங்கள்.